திடலைச் சமப்படுத்தும் முன் சோதனைக் குழி போடலாமா?

அரசலாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றின் தென்கரையில் இருக்கும் எங்கள் ஊரில், குடும்பத்துக்குச் சொந்தமாக ஏறத்தாழ மூன்று மா பரப்புள்ள ஒரு திடல் இருக்கிறது. சுற்றியுள்ள வயல்களைவிட அது இடுப்பளவு உயரம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கே நான்கு பனைகளும் கருவைப் புதரும் தவிர வேறெதுவும் இருந்ததில்லை; அறுப்புக் காலத்தில் களமாகவும், பிறகு வைக்கோல் போர் போடும் இடமாகவும் பயன்பட்டு வந்தது. பெரியவர்கள் அதைப் 'பழநத்தம்' என்பார்கள். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால், முன்பு ஊர் அங்கேதான் இருந்ததாம், வெள்ளத்துக்குப் பிறகு இங்கே வந்து குடியேறினோமாம் என்று மட்டும் சொல்வார்கள்.

சென்ற மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும், திடலைச் சமப்படுத்தி வயலோடு சேர்த்துவிடலாம் என்று தம்பிமார் சொன்னதால், பொக்லைன் வைத்து வடகிழக்கு மூலையை வெட்டினோம். முழங்கால் ஆழத்துக்குக் கீழே மண் சாம்பல் நிறமாக மாறியது. கைப்பிடி கைப்பிடியாகப் பானை ஓடுகள் வந்தன. சில உட்புறம் கருப்பாகவும் வெளிப்புறம் சிவப்பாகவும் இருந்தன. பழைய கிணறுகளில் இறக்கும் வளையம் போன்ற, வளைந்த சுடுமண் உறை ஒன்று பாதியாக உடைந்து வெட்டுமுகத்திலேயே நிற்கிறது. அதைப் பார்த்ததும் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

இடம் முழுவதையும் தோண்டாமல் ஓரிரு சிறு குழிகள் மட்டும் வெட்டி, கீழே என்ன இருக்கிறது, எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறது என்று மதிப்பிடும் சோதனை அகழாய்வு என்ற முறை உண்டு என்று என் கல்லூரித் தோழர் ஒருவர் கூறினார். அதை நாங்களே ஆள் வைத்துச் செய்யலாமா? இரண்டு குழி வெட்டி ஒன்றும் கிடைக்காவிட்டால், திடலில் எதுவும் இல்லை என்று நம்பிச் சமப்படுத்திவிடலாமா? ஏதேனும் கிடைத்துவிட்டால் நிலம் கையை விட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் தம்பிமாருக்கு இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


கன்னிமண் எழுதியது:

ஐயா, வேலையை நிறுத்தியதற்கு முதலில் என் நன்றி. நான் பல ஆண்டுகள் அகழாய்வுகளில் குழி மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டெல்டா மாவட்டங்களில் நான் பார்த்த மேடுகளில் பாதிக்கு மேல் இன்று வயலாகவோ மனையாகவோ மாறிவிட்டன.

சட்டத்தைப் பற்றிய கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். நீங்களாக ஆள் வைத்துத் தொல்லியல் நோக்கத்துக்காகக் குழி வெட்டக் கூடாது. 1958ஆம் ஆண்டின் நினைவுச்சின்னங்கள், தொல்லியல் இடங்கள் சட்டத்தின்படி, பாதுகாக்கப்படாத இடமாக இருந்தாலும், மாநில அரசுகூட மத்திய அரசின் முன் ஒப்புதல் பெற்றுத்தான் அகழாய்வு நடத்த முடியும். கிடைக்கும் பொருள்களுக்கு 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மண்ணிலிருந்து எடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தம்பிமாரின் அச்சத்துக்கும் இங்கேயே விடை இருக்கிறது. பானை ஓடு கிடைத்தது என்பதற்காக எந்த நிலமும் அரசுடைமை ஆவதில்லை. ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிப்பது தனி நடைமுறை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதற்கு அறிவிக்கை வெளியிட்டு, ஆட்சேபம் தெரிவிக்க இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். சோதனைக் குழி வெட்டிய நிலங்களில் மிகப் பெரும்பாலானவை மண் மூடப்பட்டு, உடையவரிடமே மறுபடியும் சாகுபடிக்குப் போயிருக்கின்றன. கீழடியில்கூட முதலில் குழி வெட்டியது தனியார் தென்னந்தோப்புகளில்தான். அங்கே பல குழிகள் பதிவு முடிந்ததும் மூடப்பட்டன.

இனி குழியைப் பற்றி. சோதனைக் குழி பொருள் தேடுவதற்காக வெட்டப்படுவது அன்று. மண்ணடுக்குகள் கலையாமல் இருக்கின்றனவா, எத்தனை அடுக்கு, எவ்வளவு ஆழம், மேட்டின் எந்த எல்லை வரை பரவியிருக்கின்றன என்ற கேள்விகளுக்கு, குறைந்த சேதத்தில் விடை காண்பதற்காக வெட்டப்படுவது. வழக்கமாக 2 மீட்டர் அல்லது 4 மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி, ஓர் அடுக்கு முடிந்த பிறகே அடுத்த அடுக்கைத் தொட்டு, ஒவ்வோர் அடுக்கின் ஓடுகளையும் தனிப் பையில் இட்டு, குழி எண், அடுக்கு எண், ஆழம், தேதி எழுதிக் கட்டுவோம். வேலை முடிந்த பிறகு நான்கு சுவர்களையும் கொத்தனார் கரண்டியால் வழித்துச் சுத்தம் செய்து வரையும் படம்தான் எங்களுக்கு அந்தக் குழியின் உண்மையான விளைச்சல். ஓட்டுப் பை தொலைந்தால்கூட ஓரளவு சமாளிக்கலாம். சுவர்ப்படம் இல்லையென்றால் குழி வெட்டியது வீண்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் மிகவும் முக்கியமானது: ஒன்றும் கிடைக்காவிட்டால் அங்கே ஒன்றும் இல்லை என்று கொள்ளலாமா? மனிதக் கை படாத மண்ணை நாங்கள் கன்னி மண் என்போம். அதைத் தொட்டால் குழி முடிந்தது என்பது விதி. மேட்டு நிலங்களில் பாறையோ சுக்காம்பாறையோ செம்மண்ணோ வந்து அந்த எல்லையைத் தெளிவாகக் காட்டிவிடும். காவிரிப் படுகையிலோ, கீழே இருப்பதும் வண்டல், மேலே இருப்பதும் வண்டல், நடுவில் வெள்ளம் கொண்டுவந்து போட்டதும் வண்டல்.

என் அனுபவத்தில் நேர்ந்த ஒரு தவற்றைச் சொல்கிறேன். ஆற்றங்கரை மேடு ஒன்றில் நான் பொறுப்பேற்றிருந்த குழியில், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஓடுகள் அறவே நின்றுபோய், மஞ்சள் பாரித்த மென்மணல் வந்தது. ஒரு முழம் வெட்டினோம். சிறு நத்தை ஓடுகள் தவிர எதுவும் இல்லை. கன்னி மண் வந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் குழியை மூடினேன். மறு ஆண்டு கோடையில், அங்கிருந்து நூறு அடி தள்ளி ஒரு விவசாயி கிணறு தோண்டியபோது அதே மஞ்சள் மணல் வந்தது. அதற்குக் கீழே இரண்டு முழத்தில் கரி கலந்த கருமண்ணும், தடித்த கருப்பு சிவப்பு ஓடுகளும் வந்தன. நான் கன்னி மண் என்று எழுதியது ஒரு பெருவெள்ளத்தின் படிவு. அதற்கு அடியில் இன்னொரு ஊர் இருந்திருக்கிறது. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் வெள்ளத்தைப் பற்றிச் சொல்வதைப் படித்தவுடன் எனக்கு அந்தக் கிணறுதான் நினைவுக்கு வந்தது. அதன் பிறகு நான் பார்த்த எந்தக் குழியிலும், ஓடு நின்ற இடத்தோடு நிறுத்தவில்லை. ஒரு மூலையில் மட்டும் சிறு சதுரமாக மேலும் ஒரு மீட்டராவது இறக்கி, அதற்கும் கீழே கைத்துளைப்பானால் மண் எடுத்துப் பார்த்த பின்னரே மூடினேன்.

டெல்டா மண்ணில் வேறு சிக்கலும் உண்டு. கோடையில் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பில் மேலே கிடக்கும் சிறு மணியோ கண்ணாடித் துண்டோ முழ ஆழத்துக்கு விழுந்துவிடும். நண்டு வளையும் எலி வளையும் அடுக்குகளை ஊடுருவும். எலி சேர்த்து வைத்த நெல்லைக் கீழடுக்கு நெல் என்று எடுத்துக் காலக்கணிப்புக்கு அனுப்பினால், ஆய்வகம் தவறின்றித் தவறான விடையைத் தரும். வளை செல்லும் தடம் மண்ணின் நிறத்திலும் இளக்கத்திலும் தெரியும்; அதைக் கரண்டியால் தனியே வழித்தெடுத்த பிறகுதான் அடுக்கைத் தொட வேண்டும். இதைப் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும் என்பதால்தான் ஆள் வைத்து நாமே வெட்டுவதை நான் வலியுறுத்தித் தடுக்கிறேன்.

உறையைப் பற்றி ஒரு சொல். சுடுமண் உறைகிணறு சங்க காலத்து ஊர்களில் பரவலாகக் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் சுடுமண் உறை இறக்கும் வழக்கம் மிகப் பிற்காலம் வரை தொடர்ந்ததால், உறை மட்டும் காலத்தைச் சொல்லிவிடாது. அது எந்த அடுக்கின் வாயிலிருந்து வெட்டி இறக்கப்பட்டது என்பதைச் சுவரில் பார்த்துச் சொல்ல வேண்டும். கருப்பு சிவப்பு ஓடு அதே சாம்பல் அடுக்கில் கிடைத்திருந்தால் இடம் மிகவும் பழையதாக இருக்க வாய்ப்புண்டு.


மன்னார்குடி வடவாறு எழுதியது:

மேலே எழுதிய ஐயாவின் கருத்தோடு பெரிதும் உடன்படுகிறேன். ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். நான் ஆறு ஆண்டுகளாக இங்கிலாந்தில், கட்டுமானத்துக்கு முன் நிலத்தை மதிப்பிடும் தொல்லியல் பணியில் இருக்கிறேன்.

இங்கே 1990இல் வந்த திட்டமிடல் வழிகாட்டுக் குறிப்பு 16க்குப் பிறகு, ஒரு வயலில் வீடு கட்ட அனுமதி கேட்டால், அனுமதி தருவதற்கு முன்பே அந்த நிலத்தில் சோதனை அகழி வெட்டிப் பார்த்து அறிக்கை தரும்படி உள்ளாட்சி அமைப்பு கேட்கலாம் என்ற நடைமுறை உறுதிப்பட்டது. செலவு கட்டுபவருடையது. சதுரக் குழிக்குப் பதிலாக, 30 மீட்டர் நீளமும் 2 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உள்ள நீள அகழிகளை நிலம் முழுவதும் பரவலாகப் போடுவார்கள். பல் இல்லாத அகலமான பக்கெட் பொருத்திய எந்திரத்தால், தொல்லியலாளர் பக்கத்தில் நின்று பார்க்க, உழவு மண்ணை மட்டும் மெல்லிய சீவல்களாக எடுத்துவிட்டு, அதன் கீழ் தெரியும் பள்ளங்களையும் கம்பக் குழிகளையும் கையால் அளவாக வெட்டிப் பார்ப்பார்கள். நிலப்பரப்பில் 2 முதல் 5 விழுக்காடு வரை திறப்பது பொதுவான வழக்கம்.

இந்த அளவை உங்கள் திடலில் பொருத்திப் பாருங்கள். மூன்று மா என்றால் ஓர் ஏக்கர், அதாவது 4,047 சதுர மீட்டர். 4 விழுக்காடு திறக்க வேண்டுமானால் 162 சதுர மீட்டர். 30க்கு 2 மீட்டர் அகழி ஏறத்தாழ மூன்று தேவைப்படும். 4 மீட்டர் சதுரத்தில் இரண்டு குழி மட்டும் போட்டால் 32 சதுர மீட்டர்தான், ஒரு விழுக்காடுகூட ஆகாது. அந்த இரண்டும் வெறுமையாக வந்தால், திடலின் மீதி 99 விழுக்காட்டைப் பற்றி யாரும் உறுதி கூற முடியாது.

அதே வேளையில், இங்குள்ள முறையை அப்படியே அங்கே கொண்டுவருவதையும் நான் பரிந்துரைக்கவில்லை. இங்கே நாட்டுப்புற வயல்களில் பெரும்பாலும் உழவு மண்ணுக்கு ஒரு முழம் கீழேயே இயற்கை மண் வந்துவிடும். வரலாறு அகலவாக்கில் பரந்து கிடக்கிறது. நம் மேடுகளில் அது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி நிற்கிறது. எந்திரம் சீவும் முதல் ஓரடியிலேயே ஒரு நூற்றாண்டு போய்விடும். ஆகவே என் யோசனை இது: நடு மேட்டில் ஆழத்துக்காக ஒரு சதுரக் குழி, கூடவே, திடலின் சரிவில் தொடங்கி வயலுக்குள் இறங்கும்படி, படிப்படியாக வெட்டிய ஒடுக்கமான நீள அகழி ஒன்று, முழுவதும் கையால். குடியிருப்பு எங்கே முடிந்து நன்செய் எங்கே தொடங்கியது என்பதை நடுக்குழி ஒருபோதும் காட்டாது, சரிவு அகழி காட்டும். ஐயா குறிப்பிட்ட வெள்ளப் படிவு வயலுக்கு அடியில் தொடர்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும். ஏனெனில் பழைய ஊர் இன்றைய மேட்டின் அளவிலேயே இருந்திருக்கும் என்று கொள்வதற்கில்லை, அதன் ஒரு பகுதி வண்டலுக்கு அடியில் புதைந்திருக்கலாம்.


கன்னிமண் எழுதியது:

சரிவு அகழியை நான் ஏற்கிறேன். அதைச் சொல்லாமல் விட்டது என் குறைதான். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். குழி போடும் முன் காகிதத்தில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் கல்வெட்டுகளில், ஊர் ஊராக வரி நீக்கப்பட்ட நிலங்களைச் சொல்லும்போது, ஊர்நத்தம், கம்மாளர் குடியிருப்பான கம்மாணசேரி, குளம், சுடுகாடு, ஊடறுத்துப் போகும் வாய்க்கால் என்று தனித்தனியே அளந்து குறித்திருக்கிறார்கள். டெல்டாவில் ஓர் ஊரின் குடியிருப்பையும் சாகுபடி நிலத்தையும் பிரித்துப் பார்க்க ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கணக்கே இருக்கிறது என்பது நம்முடைய பெரும் பேறு. உங்கள் ஊர்க் கோயிலிலோ பக்கத்து ஊர்க் கோயிலிலோ கல்வெட்டு இருந்தால், அதில் வரும் வாய்க்கால் பெயர்களை இன்றைய புலப்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குழி போடக் கேட்டுத் தொல்லியல் துறைக்கு எழுதும் கடிதத்தில், 'பழநத்தம்' என்ற பெயர் வாய்மொழியாக வந்திருப்பதையும் எழுதுங்கள். கீழடியை எடுத்துக்கொண்டாலும், 2013-14இல் வைகைக் கரையெங்கும் நடந்து 293 இடங்களைக் குறித்த பிறகே எங்கே குழி போடுவது என்று முடிவு செய்தார்கள்.


தாளடிக்காரர் எழுதியது:

நான் தொல்லியல் அறிந்தவன் அல்லன். சில ஆண்டுகளுக்கு முன் என் நிலத்தில் குழி போட்டார்கள் என்ற முறையில் மட்டும் எழுதுகிறேன். எந்த இடம், யார் செய்தார்கள் என்பது இங்கே வேண்டாம்.

நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேருக்கு இரண்டு மாதம் வேலை கிடைத்தது. மண்ணை வழித்தே நிற வேற்றுமை சொல்லும் அளவுக்கு அவர்கள் தேர்ந்துவிட்டார்கள். ஆனால் மூடும்போது மேல்மண்ணையும் அடிமண்ணையும் ஒன்றாகக் கலந்து தள்ளிவிட்டார்கள். அடியிலிருந்த மணல் மேலே வந்துவிட்டதால், அந்தச் சதுரங்களில் மட்டும் இரண்டு போகம் பயிர் வெளிறி நின்றது. முதல் மழையில் மண் இறங்கி, நாற்று நடும்போது கால் முழங்கால் வரை புதைந்தது. ஆகவே உங்கள் நிலத்தில் குழி போட ஒப்புதல் கடிதம் கொடுக்கும்போதே மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: மேல்மண்ணைத் தனியே குவிக்க வேண்டும், மூடும்போது அரை முழத்துக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும், குழிகள் இருந்த இடத்தை வரப்பிலிருந்து அளந்த படம் ஒரு பிரதி உங்களுக்குத் தர வேண்டும். மூன்றாவது எதற்கென்றால், பிற்காலத்தில் நீங்கள் ஆழ்துளைக் குழாயோ கட்டடமோ போடும்போது, எந்த இடத்தில் மண் இளகியது என்று தெரிய வேண்டும்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், நம் நிலத்தில் இடுப்பளவு குழியிலேயே ஊற்று கிளம்பும். ஐப்பசி, கார்த்திகையில் நினைத்தே பார்க்க முடியாது. மாசி நடுவிலிருந்து வைகாசி முடியும் வரைதான் உங்களுக்குக் காலம். இப்போதே விண்ணப்பித்தாலும் ஒப்புதல் வர நாளாகும் என்பதால், அடுத்த மாசியை மனத்தில் வைத்துத் தம்பிமாரிடம் பேசுங்கள்.


அரசலாற்றங்கரை எழுதியது:

இவ்வளவு பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். தம்பிமாரிடம் இந்த இழையை முழுவதும் படித்துக் காட்டினேன். இரண்டு மாத அவகாசம், ஒப்புதல் கடிதம் ஆகியவற்றைக் கேட்ட பிறகு சின்னவன் சற்று இளகினான். தாளடிக்காரர் ஐயா சொன்ன மூன்றையும் எழுதி வாங்கினால் தனக்குத் தடையில்லை என்கிறான். மாநிலத் தொல்லியல் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும், பிரதி தமிழ்ப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறைக்குமாகக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அதுவரை அந்த வெட்டுமுகத்தை என்ன செய்வது? ஓடுகள் ஒரு சாக்கு இருக்கின்றன, கழுவி வைக்கலாமா?


கன்னிமண் எழுதியது:

ஓடுகளைக் கழுவ வேண்டாம். ஒட்டியிருக்கும் மண்ணே அவை எந்த அடுக்கைச் சேர்ந்தவை என்று சொல்லக்கூடும். சாக்கில் 'வடகிழக்கு மூலை, எந்திர வெட்டு' என்று எழுதி, வெட்டிய தேதியைக் குறித்து, நிழலில் வையுங்கள்.

வெட்டுமுகம் உங்களுக்குத் தெரியாமலே கிடைத்த ஒரு சோதனைக் குழி. இனி அதில் ஒரு பிடி மண்ணும் எடுக்காதீர்கள். உறையைத் தொடவே வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும்போது, ஓர் அளவுகோலோ மண்வெட்டியோ பக்கத்தில் சாய்த்து வைத்து, நேர் எதிரில் நின்று படம் எடுங்கள். பிறகு தென்னங்கீற்றைச் சாய்த்து மூடிவிடுங்கள்; பிளாஸ்டிக் தார்ப்பாயை ஒட்டிப் போர்த்தினால் உள்ளே வியர்த்து மண் முகம் உதிரும். மேலிருந்து மழைநீர் வழியாதபடி, வெட்டின் விளிம்புக்கு இரண்டடி பின்னால் ஒரு சிறு வரப்பு போடுங்கள்.

படம் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சாம்பல் மண்ணுக்குக் கீழே மஞ்சள் வரி ஏதாவது தெரிகிறதா?


அரசலாற்றங்கரை எழுதியது:

இன்று காலை படங்கள் எடுத்துவிட்டு, கீற்றும் போட்டாகிவிட்டது. சாம்பல் மண் இரண்டு முழம் இருக்கிறது. அதன் கீழே ஒரு சாண் அகலத்தில், கை வைத்தால் மாவுபோல் ஒட்டும் மஞ்சள் மணல் வரி ஒன்று, மூலையிலிருந்து மூலை வரை நேராக ஓடுகிறது. அதற்கும் கீழே மண் மறுபடியும் கருக்கிறது; பொக்லைன் அங்கே அரையடிதான் இறங்கியிருக்கிறது. அந்தக் கருப்பில் ஒரு பானையின் விளிம்பு, நகக்கண் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் தொடவில்லை. கடிதத்தில் இந்த அளவுகளையும் சேர்த்து, நாளைக் காலையில் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.